மௌனத்துக்கு லக்கேஜ் டிக்கெட் இல்லை

கோவில்பட்டி நகரமும், அதைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குக் கிடக்கும் கரிசல் காடும், அதில் குடியிருக்கும் மனிதர்களும் வெள்ளாடுகளும் சற்று நேரம் கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய வரலாற்றுத் தருணம் நெருங்கிவிட்டது. கரிசல் வட்டாரக் கலை அருங்காட்சியகம் இந்த மாசி முதல் மூன்று மாபெரும் கண்காட்சிகளை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறது. வரும் சனிக்கிழமை ‘மறையா முகங்கள்’ என்னும் புகைப்படக் கண்காட்சி; மாவட்ட கலெக்டர் திறந்துவைக்கிறார். பங்குனியில் ‘கருமையின் ஏழு நிலைகள்’ என்னும் ஓவியக் கண்காட்சி. ஏழு ஓவியங்கள், ஏழும் முழுக்கக் கறுப்பு. சித்திரையில் ‘சிறு பெட்டி, பெருங்கனல்’ என்னும் தீப்பெட்டி லேபிள் கண்காட்சி.

வரலாறு தயாராகத்தான் இருந்தது. பார்வையாளர்கள்தான் வரவில்லை. இந்த மாதம் இதுவரை வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். இன்னொருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டவர். மூன்றாமவர் யாரென்று அங்கே யாருக்கும் நினைவில்லை.

இந்த நிலையில்தான், திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கண்காட்சியின் தலையாய படம் காணாமல் போயிற்று. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துப்பறியும் நிபுணர் மந்திரமூர்த்தி வரவழைக்கப்பட்டார்.

மந்திரமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ‘மந்திரமூர்த்தி புலனாய்வகம்’ என்ற போர்டு தொங்குகிறது. புலனாய்வில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வது. அவருடைய உதவியாளர் பாண்டிச்செல்வி, முன்பு பத்து வருஷம் கேபிள் டிவி வசூலுக்கு வீடு வீடாகப் போனவள். வட்டாரத்தில் அவள் ஏறாத படி இல்லை, அவள் வாய்க்குத் தப்பிய ஆளும் இல்லை. ஸ்கூட்டர் அவளுடையது. அதனால் மந்திரமூர்த்தி பின்னால்தான் உட்காருவார்.

“ஆணி இருக்கு, கம்பி இருக்கு, படம்தான் இல்ல,” என்றாள் பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்து. “பாதி கேஸ் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி.”

அருங்காட்சியகத்தின் நிறுவனர், இயக்குநர், காப்பாட்சியர், புகைப்படக் கலைஞர் எல்லாம் ஒருவரே. பெயர் ஹரிஹரசுதன். அந்தக் கட்டடம் அவருடைய அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸாக இருந்தது. அப்பா தீப்பெட்டி விற்றுச் சேர்த்ததை மகன் கலையில் வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். கதர் ஜிப்பா, நரைத்த தாடி, பேசும்போது ஜன்னலைப் பார்க்கும் பழக்கம்.

“அது வெறும் படம் இல்லை. ‘கரிசலின் மௌனம்.’ ஜெர்மன் காகிதம். உலகத்திலேயே ஒரே பிரதி. நாலடி உயரம், மூன்றடி அகலம்.”

“படத்துல யாரு சார்?” என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

“ஒரு பெண்.”

“பேரு?”

“கேட்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் அவள் ஒரு தனி மனுஷி ஆகிவிடுவாள். பெயர் இல்லாதவரைக்கும் அவள்தான் பூமி.”

“பூமிக்கு எந்த ஊரு சார்?” என்றாள் பாண்டிச்செல்வி.

ஹரிஹரசுதன் ஜன்னலைப் பார்த்தார். “மூன்று வருடம் ஆயிற்று. எங்கேயோ வழியில்.”

காவலர் பரமசிவன் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பிடப் போவார். நேற்றும் போனார். திரும்பி வந்தபோது படம் இல்லை. போகும்போது கதவைப் பூட்டுவதில்லையா என்று கேட்டதற்கு, “யாராவது வந்தால்?” என்றார் ஹரிஹரசுதன். அப்படி ஒருவர் வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால், அருங்காட்சியகத்துக்கு அது தாங்க முடியாத நஷ்டம்.

ஆணிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதன்மேல் காய்ந்து வெடித்த கறுப்பு மண் அப்பியிருந்தது. மந்திரமூர்த்தி குனிந்தார்.

“தொடாதீர்கள்!” என்று கத்தினார் ஹரிஹரசுதன். “அது யாருடைய படைப்பு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சில இளம் கலைஞர்கள் மாதிரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பரமசிவன் துடைக்கப் போனான், நான்தான் தடுத்தேன். மண்ணும் பிளாஸ்டிக்கும் மோதும் இடம்… அபாரமாக இருக்கிறது.”

“சார், இது கால் தடம்,” என்றாள் பாண்டிச்செல்வி. “கட்டைவிரலு தெரியுது பாருங்க.”

மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். துப்பறியும்போது அப்படிச் செய்வது அவர் வழக்கம். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் பாண்டிச்செல்வி முந்திக்கொள்வாள் என்பதும் ஒரு காரணம்.

“செருப்பில்லாத காலு. அப்ப காருல வந்த ஆளு இல்ல. ஈர மண்ணு காஞ்சிருக்கு. அப்ப மழை பெஞ்ச ஊரு. கோவில்பட்டில மழை பெஞ்சு எத்தன நாளாச்சு?”

“நாளா? மாசம்னு கேளுங்க. ஆனா செவ்வாய்க்கிழமை பசுவந்தனைல மட்டும் ஒரு மழை ஊத்தியிருக்கு. எங்க அத்தை போன் போட்டு ஒப்பாரி வச்சாவ. காயப்போட்ட வத்தல் பூராவும் நனைஞ்சு போச்சாம்.”

“பசுவந்தனை,” என்றார் மந்திரமூர்த்தி, அதைத் தானே கண்டுபிடித்ததுபோல. “நாலடிப் படத்த பைக்குல வச்சா காத்து தூக்கிட்டுப் போயிரும். அப்ப பஸ்ஸு.”

ஹரிஹரசுதன் அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அங்கே பார்வையாளர் கருத்துப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் எழுதப்பட்டிருந்தது ஒரே ஒரு வரி.

“திங்கட்கிழமை யாரோ எழுதியிருக்கிறார்கள்,” என்று குரல் தழுதழுக்கப் படித்தார். “‘இந்தப் படத்த இறக்குங்க. நான் சாகல.’ எப்படிப்பட்ட ரசனை பாருங்கள்! கலை என்பது சாவுக்கு எதிரான குரல் என்று நான் முப்பது பக்கத்தில் எழுதியதை ஒரு பாமரர் ஒரே வரியில் எழுதிவிட்டார். அழைப்பிதழில் போட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாப்புகளில் பிளெக்ஸும் வைத்தாயிற்று. எட்டயபுரம், பசுவந்தனை, குளத்தூர்வரை. பாருங்கள்.”

“பாப்போம் சார்,” என்றார் மந்திரமூர்த்தி. பார்க்கவில்லை.

*

பஸ் ஸ்டாண்டில் பசுவந்தனை பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் மாடக்கண்ணு படிக்கட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வியைக் கண்டதும் பாட்டிலை மூடினார். அவர் வீட்டிலும் கேபிள் இருந்த காலம் ஒன்று உண்டு.

“ஏ தாயி, நான் டிஷ்ஷுக்கு மாறி ஆறு வருஷமாச்சு.”

“அதுக்கு வரல அண்ணாச்சி. நேத்து ரெண்டு மணி வாக்குல உங்க பஸ்ஸுல யாராவது பெரிய படம் ஏத்துனாவளா? ஆள் உசரம்.”

“ஏத்துனாவளே. ஒரு பொம்பளை. போர்வைல சுத்திக் கொண்டாந்துச்சு. மேல கொஞ்சம் வெலகி நெத்தியும் கண்ணும் தெரிஞ்சுது. கண்ணாடி போட்ட படம், கறுப்பு வெள்ளை. பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.”

“என்ன தெரிஞ்சுது?”

“துக்க வீடுன்னு. வேற எதுக்கு அம்புட்டுப் பெரிய படம் போடுவாவ? பஸ்ஸுல அத்தன பேரும் எந்திரிச்சு எடம் விட்டாவ. லக்கேஜ் டிக்கெட் போட எனக்குக் கை வரல. செத்தவியளுக்குப் போய் லக்கேஜ் போடவா?”

மந்திரமூர்த்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “செத்தது யாருன்னு தெரியுமா?”

“பேரு தெரியாது. ஆனா நம்ம பஸ் ஸ்டாண்டுலயே பிளெக்ஸ் வச்சிருக்காவளே. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல முகம், அடியில ரெண்டு தேதி. பாவம், பெரிய வயசு இல்ல. கொண்டுபோன பொம்பளைக்கும் படத்துல இருக்கவியளுக்கும் நல்ல சாயல். கூடப் பிறந்தவியளா இருக்கும்.”

பஸ் நகர்ந்தது. மந்திரமூர்த்தி அந்தப் புழுதியிலேயே நின்று கேஸை முடித்தார்.

“கேளு பாண்டி. படத்துல இருந்த பொம்பளை செத்துப் போச்சு. வீட்டுல ஒரு போட்டோகூட கிடையாது. இப்படி ஒரு படம் ம்யூசியத்துல இருக்குன்னு கேள்விப்பட்டு, பதினாறாம் நாள் விசேஷத்துல மாலை போடறதுக்கு தங்கச்சிக்காரி எடுத்துட்டுப் போயிருக்கா. இது திருட்டு இல்ல. துக்கம்.”

பாண்டிச்செல்வி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பிறகு, “அந்த பிளெக்ஸ ஒரு எட்டு பாத்துட்டுப் போவமா அண்ணாச்சி? பொறத்தாலதான் இருக்கு,” என்றாள்.

“பிளெக்ஸ் பாத்துத் துப்பறியறதுக்கு நான் எதுக்கு?” என்றார் மந்திரமூர்த்தி. உடனே போனை எடுத்து ஹரிஹரசுதனை அழைத்தார். “சார், ஆளு பசுவந்தனை. இன்னும் ஒரு மணி நேரத்துல படம் முன்னாடி நிப்பேன்.”

“படத்தப் பாத்த பெறவு சொல்லியிருக்கலாம்ல,” என்றாள் பாண்டிச்செல்வி ஸ்கூட்டரை உதைத்தபடி.

“புகழ் சூடா இருக்கணும்.”

வழியில் அவள் ஒரு பூக்கடை முன்னால் நிறுத்தினாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. சம்பங்கி மாலை ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, அண்ணாச்சியின் மடியில் வைத்தாள். வெட்டவெளியில் இருபது கிலோமீட்டரும் மந்திரமூர்த்தி அந்த மாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். எதிரே வந்த லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து மரியாதை செய்தார்கள்.

*

பசுவந்தனையில் மழை வந்து போன அடையாளம் அப்படியே இருந்தது. ரோட்டோரத்தில் நனைந்த மிளகாய் வத்தலை மறுபடி பரப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. டீக்கடையில் விசாரித்தார்கள்.

“இங்கன ஒரு வீட்டுல, ஒரு பொம்பளை… சமீபத்துல…” என்று மந்திரமூர்த்தி தயங்கித் தயங்கி மாலையைக் காட்டினார்.

“சொர்ணத்தாய் வீடா?” என்றார் டீ ஆற்றியவர். “நேரா போயி இடது கைப் பக்கம். வேப்பமரத்து வீடு. ஒரு வாரமா மாலையோட வாரவியளுக்கு வழி சொல்லியே எனக்கு வாய் வலிக்கு.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிப்பதாக பாண்டிச்செல்விக்குத் தோன்றியது. சாவு வீட்டுக்கு வழி சொல்லிவிட்டுச் சிரிப்பார்களா என்று யோசிப்பதற்குள் வேப்பமரம் வந்துவிட்டது.

வாசலில் கூட்டம் இல்லை. பந்தல் இல்லை. மந்திரமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையை இரண்டு கையிலும் ஏந்தி, தலையைக் குனிந்து நின்றார். பாண்டிச்செல்வி முந்தானையை வாயருகே கொண்டுபோனாள்.

“வீட்டுல யாரு?” என்றார் அவர், இருக்கிற சோகத்தையெல்லாம் குரலில் திரட்டி.

கதவு திறந்தது. திறந்த பெண்ணுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கலாம். கை இரண்டிலும் வத்தல் நெடி. மூக்குக்கு மேலே ஆழமான இரண்டு கோடுகள், நேராகப் பார்க்கும் கண், கீழுதட்டில் ஒரு தழும்பு. அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்த்து வைத்த நாலடிப் படத்திலும் அதே இரண்டு கோடுகள், அதே கண், அதே தழும்பு.

அவள் மாலையைப் பார்த்தாள். மந்திரமூர்த்தியைப் பார்த்தாள்.

“இது பதினோராவது மாலை,” என்றாள். “போடுதியளா, இல்ல அங்கன மூலைல வைக்கியளா? மொத வந்த நாலு மாலையும் ஆடு தின்னுட்டு.”

மந்திரமூர்த்தி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவருடைய இருபது வருஷத் துப்பறியும் வாழ்க்கையில், செத்தவர் வந்து கதவைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

“அண்ணாச்சி,” என்றாள் பாண்டிச்செல்வி மெல்ல, “துக்கம் உங்களக் கேக்குது, பதில் சொல்லுங்க.”

*

சொர்ணத்தாய் பேச ஆரம்பித்தாள். நிறுத்த யாருக்கும் தெரியவில்லை.

“மூணு வருஷம் முந்தி. ரோட்டுல வத்தல் காயப்போட்டிருக்கேன். ஒரு காரு அதும்மேல ஏறி நிக்கி. எறங்கினான் ஒரு தாடிக்காரன். ‘ஏய், கண்ணு தெரியலையா, வயித்துல அடிக்கியேடா’ன்னு பிடிச்சேன் பாருங்க, அரை மணி நேரம். பேசிப் பேசி மூச்சு வாங்கி ஒரு நிமிசம் வாய மூடினேன். அந்நேரம் பாத்து க்ளிக்குன்னான். பெறவும் நான் ஏசத்தான் செஞ்சேன்.”

கரிசலின் மௌனம் எப்படிப் பிறந்தது என்று மந்திரமூர்த்திக்குப் புரிந்தது.

“அதோட மறந்துட்டேன். போன வாரம் பாத்தா ஊரெல்லாம் என் மூஞ்சி. ரெண்டு பக்கமும் விளக்கு, அடியில ரெண்டு தேதி. கறுப்பு வெள்ளை மூஞ்சிக்குக் கீழ ரெண்டு தேதி போட்டா அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.”

மேல் தேதி கண்காட்சி துவங்கும் நாள். கீழ்த் தேதி முடியும் நாள். பிளெக்ஸ் கடை சுடலைக்குமாரிடம் இந்த மாதிரி முகத்துக்கு இருப்பது ஒரே டிசைன்தான். விளக்கை அவனாகவே சேர்த்திருப்பான். கண்காட்சி என்ற வார்த்தை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு, பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருந்திருக்கும். மந்திரமூர்த்தி இதையெல்லாம் இப்போது பளிச்சென்று துப்பறிந்தார். பஸ் ஸ்டாண்டில் நாலு அடி நடந்திருந்தால் காலையிலேயே படித்திருக்கலாம்.

“அம்மா, போதும். தண்ணியக் குடி,” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்போடு வந்தாள். மகள் பூங்கொடி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. முகம் அழுது வீங்கியிருந்தது.

விஷயம் அவளைப் பற்றியதுதான். பூங்கொடியைக் குளத்தூரில் விஜயராஜ் என்ற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். உப்பளத்தில் சூப்பர்வைசர். இருவருக்கும் பிடித்துப் போய், தினம் போனில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்தாயிற்று. பையனின் பெரியப்பா ராமசுப்பு குளத்தூர் ஸ்டாப்பில் பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். சம்பந்தி செத்துப் போனால் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போக வேண்டுமே. பன்னிரண்டு பேர் வேன் பிடித்து, கோடியும் மாலையுமாக, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். சொர்ணத்தாய் வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“உசிரோட இருக்கவளுக்குக் கோடி எடுத்துட்டு வந்துட்டோம்னு அவியளுக்கு ஒரே பயம். எடுத்த கோடி யாரு தலையிலயாவது விடியுமாம்,” என்றாள் சொர்ணத்தாய். அவள் குரல் முதல்முறையாக இறங்கிற்று. “ராமசுப்பு அண்ணாச்சி கடைசியா ஒரு வார்த்தை சொன்னாவ. அந்தப் படம் ம்யூசியத்துச் செவுத்துல தொங்குத வரைக்கும் பரிசம் போட மாட்டோம். எறக்கிக் கொண்டா. வெள்ளிக்கிழமை வாரோம். எங்க கண்ணு முன்னால முச்சந்தில வச்சு ஒடைச்சு, திருஷ்டி கழிச்சுப் போடு. அன்னைக்கே பரிசம்.”

“வெள்ளிக்கிழமைன்னா நாளைக்கு,” என்றாள் பாண்டிச்செல்வி.

“ஆமா. நான் என்ன நேராப் போயா எடுத்தேன்? பிளெக்ஸ்ல இருந்த பொடி எழுத்தப் பூங்கொடி படிச்சுச் சொன்னா. திங்கக்கிழமை அங்க போயி கேட்டேன். அங்கன காவலுக்கு இருந்தவரு ‘எதுன்னாலும் நோட்டுல எழுதிட்டுப் போ’ன்னாரு. எழுதிட்டு வந்தேன். படத்த எறக்குங்க, நான் சாகலன்னு. இதுக்கு மேல எப்படி எழுத? ஒருத்தரும் எறக்கல. நானே போயி எறக்கிட்டேன்.”

நோட்டு. மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை துப்பறிவதற்காக அல்ல.

“படம் இங்கனயே இருக்கட்டும் தாயி,” என்றார். “நான் அவருகிட்ட சொல்லிக்கிடுதேன். கேஸ் போனாப் போகுது.”

அவர் வாழ்க்கையில் சொன்ன மிக நல்ல வாக்கியம் அதுதான். அது முழுசாக முக்கால் நிமிஷம் நின்றது. அதற்குள் வாசலில் கார் ஹாரன் கேட்டது.

“புகழ் சூடா வந்துட்டு,” என்றாள் பாண்டிச்செல்வி, ஜன்னல் வழியாகப் பார்த்து. “முன் சீட்டுல ஏட்டையா வேற. கம்ப்ளைண்ட் எழுதிக் கையோட கூட்டிட்டு வந்திருக்காரு.”

பூங்கொடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் ஜீப்கூட வேண்டாம், காக்கிச் சட்டை ஒன்று வாசலில் நின்றால் போதும். சாயங்காலத்துக்குள் குளத்தூருக்குச் செய்தி போய்விடும். “அக்கா, ஏதாவது செய்யுங்க,” என்றாள் பாண்டிச்செல்வியைப் பார்த்து.

ஹரிஹரசுதன் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். மூலையில் குவிந்து கிடந்த மாலைகளைப் பார்த்தார். மந்திரமூர்த்தியின் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். கடைசியாகச் சொர்ணத்தாயைப் பார்த்தார்.

மூன்று வருஷமாக அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளிச்சம் கூட்டிக் குறைத்தவர் அவர். அந்த முகத்தைப் பற்றி முப்பது பக்கம் எழுதியவர்.

“நீங்கள் யார்?” என்றார்.

“தங்கச்சி,” என்றாள் பாண்டிச்செல்வி.

ஹரிஹரசுதன் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “சாயல் இருக்கிறது,” என்றார். “ஆனால் அந்த முகத்தில் உள்ள ஆழம் இதில் இல்லை.”

சொர்ணத்தாயின் வாய் திறந்தது. பாண்டிச்செல்வி அவள் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள். வாய் மூடியது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, அதே ஆள் முன்னால்.

“அப்படியென்றால் அவர்கள்…” ஹரிஹரசுதன் மாலைக் குவியலைப் பார்த்தார்.

மந்திரமூர்த்தி அப்போது பேசியிருக்கலாம். இல்லை சார், இவிய உயிரோடதான் இருக்காவ என்று ஐந்து வார்த்தை. ஏட்டையா காரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தி தரையைப் பார்த்தார்.

“அதப் பத்திப் பேசினா இவியளுக்குத் தாங்காது சார்,” என்றாள் பாண்டிச்செல்வி. அது ஓரளவுக்கு உண்மையும்கூட.

ஹரிஹரசுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே போய் ஏட்டையாவிடம் ஏதோ சொன்னார். திரும்பி வந்து கைகூப்பினார். “துக்க வீட்டிலிருந்து படத்தை எடுக்கும் அளவுக்கு நான் கல் இல்லை. பிரதி உங்களிடமே இருக்கட்டும். அங்கே காலி ஆணி மட்டும் இருக்கும். அதுவே பெரிய படைப்பு.”

கார் போயிற்று. பூங்கொடி பாண்டிச்செல்வியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சொர்ணத்தாய் அடக்கி வைத்திருந்த அரை மணி நேர ஏச்சை ஐந்து நிமிஷத்தில் காலி வாசலைப் பார்த்து ஏசி முடித்து, பெட்டிக்கடையிலிருந்து கலர் வாங்கிவரச் சொன்னாள். மந்திரமூர்த்தி கலரைக் குடித்தபடி, கேஸை மனிதாபிமானத்தோடு முடிப்பதுதான் உண்மையான துப்பறிதல் என்று ஒரு சிறிய உரை ஆற்றினார்.

“ஆனா போறப்ப அந்த ஆளு முகத்தப் பாத்தியளா அண்ணாச்சி?” என்றாள் பாண்டிச்செல்வி. “துக்க வீட்டுலருந்து போற முகம் இல்ல அது. சீட்டு விழுந்த முகம்.”

“சும்மா இரு பாண்டி. ஜெயிச்ச அன்னைக்காவது குத்தம் சொல்லாத.”

*

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. பூங்கொடி. பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஸ்டாப்பைப் போய்ப் பாருங்க என்பது மட்டும் புரிந்தது.

அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போனபோது, பசுவந்தனை ஸ்டாப்பில் பழைய பிளெக்ஸ் இல்லை. அந்த இடத்தில் பன்னிரண்டடிக்குப் புதிய பிளெக்ஸ் நின்றது. அதே முகம். விளக்கு இப்போது நான்கு. மேலே கொட்டை எழுத்தில், யாருக்கும் சந்தேகம் வராதபடி, ‘கண்ணீர் அஞ்சலி.’ அதன் கீழே: ‘மறைந்த கரிசல் தாய்க்கு அருங்காட்சியகத்தின் ஆழ்ந்த இரங்கல். சனிக்கிழமை மாபெரும் நினைவுக் கண்காட்சி. திரண்டு வாரீர்.’ கீழ் மூலையில் கேமராவும் கையுமாக ஹரிஹரசுதன், கண் கலங்கி.

பாண்டிச்செல்வி டீக்கடையிலிருந்து ஒரு அருவாளை வாங்கி அதைக் கிழித்தாள். பிறகு சுடலைக்குமாரைப் போனில் பிடித்தாள்.

“ஏலே, எத்தன எடத்துல கட்டியிருக்க?”

“இருவத்தி ரெண்டு எடம் அக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆர்டர், பத்து மணிக்கெல்லாம் கட்டி முடிச்சாச்சு. குளத்தூர்ல மட்டும் ரெண்டு.” குரலில் பெருமை. “இந்தத் தடவ டிசைனு கரெக்டா பொருந்திட்டுல்லா?”

“கழட்டுலே!”

“கட்டச் சொன்னவரு சொல்லட்டும் அக்கா, கழட்டுதேன்.”

கட்டச் சொன்னவரை மந்திரமூர்த்தி பதினாறு முறை அழைத்தார். போன் அணைந்திருந்தது. அருங்காட்சியக வாசலில் பரமசிவன் தடுத்து நிறுத்தினார். அய்யா கண்காட்சி திறக்கும்வரை மௌன விரதமாம். யாரையும் பார்க்க மாட்டாராம். வேண்டுமானால் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாமாம்.

கடைசியில் மந்திரமூர்த்தி ராமசுப்புவுக்கே போன் போட்டார். மாப்பிள்ளை விசாரணைக்காகக் குளத்தூர்ப் பக்கம் பலமுறை போனவர். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். தான் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தைக்கூட மறைக்கவில்லை. மறுமுனையில் ராமசுப்பு பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் அண்ணாச்சி,” என்றார். “மொத தடவ ஏதோ தப்பா அடிச்சிட்டான்னு வச்சுக்கிடுவோம். ரெண்டாந்தடவ? கண்ணீர் அஞ்சலின்னு அச்சடிச்சிருக்கே. வேன்ல ஏறி உக்காந்துட்டோம். ஸ்டாப்புல அதப் பாத்ததும் பொம்பளையெல்லாம் எறங்கிட்டாவ. இனிமே நான் என்ன சொல்லி அவியள ஏத்த?”

“பையன் என்ன சொல்லுதான்?”

“அவன் சாப்பிடாம உக்காந்திருக்கான். சாப்பிடாம இருக்கவன் பேச்சுக்கு வீட்டுல என்ன மதிப்பு?”

போன் வைக்கப்பட்டது.

பசுவந்தனையில் முச்சந்தியைக் கூட்டி, சாணம் தெளித்து, பூசணிக்காயும் எலுமிச்சையும் எடுத்து வைத்திருந்தார்கள். சொர்ணத்தாய் புதுச்சேலை கட்டி, தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது மணி பஸ் வந்து போயிற்று. பத்தரை மணி பஸ் வந்து போயிற்று. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கியவர்கள் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். பூங்கொடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயில் ஏறியதும் சொர்ணத்தாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. அதுதான் பாண்டிச்செல்விக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“ஒடைச்சிருவமா தாயி?” என்றார் மந்திரமூர்த்தி மெதுவாக.

“பாக்க வேண்டியவிய வராம ஒடைச்சு என்னத்துக்கு?” என்றாள் சொர்ணத்தாய்.

மந்திரமூர்த்தியும் பாண்டிச்செல்வியும் ரோட்டையே பார்த்துக்கொண்டு, குளத்தூர் திசையில் கானல் நெளிவதைத் தவிர எதுவும் வராத மத்தியானம்வரை, அவளோடு நின்றார்கள்.

சனிக்கிழமை கலெக்டருக்கு வேறு கூட்டம் வந்துவிட்டதால் கண்காட்சி தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.